மூச்சு கேட்கும் அறை

காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் மாடி வாசிப்பறையில் மூன்று பேர் இருந்தார்கள். நாற்காலிகள் நாற்பது.

நூலகர் ஓக்-ரான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவரை முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் மட்டும் படித்தார். ஓக்-ரான் கீழே இறங்கி வந்து ஜே-இன்னுக்குப் போன் செய்தார்.

“ஜே-இன் மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

மேடம் என்றதும் ஜே-இன்னுக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையை வடிவமைத்தவள் அவள். கோடை முழுக்க வேலை நடந்தபோது மேடம் போய் நீ, வா, போ என்று ஆகியிருந்தது. அவளும் அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். கோபம் வந்தால் மட்டும் ஓக்-ரான் வாயில் மேடம் திரும்பி வரும்.

“என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினை.”

அந்த இடத்தில் முன்பு இருந்தது பரீட்சைக்குப் படிப்பவர்களின் கூடம். குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல் மேசைக்கு மேசை பலகைத் தடுப்பு. போலீஸ் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் வட்டார அலுவலக வேலைக்கும் பரீட்சை எழுதுகிறவர்கள் விடிவதற்குள் வந்து படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். சொந்தப் புத்தகம், சொந்தச் செருப்பு, சொந்தத் தலையணை. நூலகத்துப் புத்தகத்தை அங்கே யாரும் தொட்டதில்லை. ஓக்-ரானின் வேலை, இட எண் அச்சிட்ட டோக்கன் கொடுப்பது.

“புத்தகம் குடுக்கிற வேலைன்னு வந்தேன். சினிமாக் கொட்டகையில டிக்கெட் கிழிக்கிறேன்” என்று முதல் சந்திப்பிலேயே ஜே-இன்னிடம் சொல்லியிருந்தார்.

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, உட்கார்ந்து, முடிகிற வரை படிக்க ஓர் அறை. வருஷக்கணக்காக அவர் வட்டார அலுவலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். கடைசியில் கிடைத்தது. அந்த அலுவலகத்தின் பிரிவுத் தலைவர் ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். நவம்பர் கடைசியில் அவர் வந்து பார்க்கும்போது பாதி நாற்காலிகளாவது நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தடுப்புப் பலகைகள் திரும்ப வரும். பலகைகளை யாரும் தூக்கிப் போடவில்லை. நிலவறையில் அடுக்கி, மேலே துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

வாசிப்பறைக் கதவில் ஓக்-ரான் தன் கையால் எழுதி மாட்டிய விதி ஒன்றே ஒன்று. வெளியிலிருந்து கொண்டுவரும் புத்தகங்களுக்கு இங்கே அனுமதி இல்லை.

இப்போது நவம்பர் பிறந்திருந்தது.

ஜே-இன் வழியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தாள். ஓக்-ரான் பொட்டலத்தைப் பார்த்தார், தொடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அப்படியே கவிழ்த்தார். மஞ்சள் ஒட்டுச் சீட்டுகள் கொட்டின.

“படி.”

ஜே-இன் படித்தாள்.

‘பக்கத்தைச் சற்று மெதுவாகப் புரட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.’

‘எச்சில் விழுங்கும் சத்தம் மூன்று மேசை தாண்டிக் கேட்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.’

‘வாயால் விடும் மூச்சை மூக்கால் விட முடியுமா?’

கடைசிச் சீட்டில் ஒரு இஞ்சி மிட்டாய் ஒட்டியிருந்தது.

பழைய கூடத்திலும் சீட்டு உண்டு. முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை. சீட்டு ஒட்டினால் மரியாதை. கூட ஒரு மிட்டாய் வைத்தால் மிகுந்த மரியாதை. ஆனால் அங்கே பேனாவைத் தட்டுகிறவனுக்கும் காலை ஆட்டுகிறவனுக்கும்தான் சீட்டு வரும். இங்கே மூச்சு விடுகிறவர்களுக்கு வந்திருந்தது.

“சீட்டு வாங்கினவர் மிட்டாயை ஏன் விட்டுட்டுப் போனார்?”

“காகிதத்தைப் பிரிச்சா சத்தம் வருமேன்னு பயந்துட்டார்.”

ஜே-இன்னுக்குச் சிரிப்பு வந்தது. ஓக்-ரானின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“சீட்டு ஒட்டக் கூடாதுன்னு ஒரு அறிவிப்புப் போடலாமேக்கா.”

“போட்டேன். அதுக்குக் கீழேயே ஒரு சீட்டு. ‘இந்த அறிவிப்பை ஒட்டும்போது டேப் கிழித்த சத்தத்தில் திடுக்கிட்டேன்.’ இதுக்கு மேல நான் என்னம்மா பண்ண?”

“அப்புறம் யாரும் வர்றதில்லையா?”

“வர்றாங்க. நாற்காலி நல்லா இருக்குங்கறாங்க. விளக்கு நல்லா இருக்குங்கறாங்க. மறுநாள் வர்றதில்ல. ஹாம் ஐயாவே நின்னுட்டார்.”

ஹாம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பழைய அரசர் காலக் கதை ஒன்றைப் பாகம் பாகமாகப் படித்து வந்தார். அறை திறந்த அன்று வாசலில் நின்ற முதல் ஆள். ஒரே வாரத்தில் அவருக்கு மூன்று சீட்டுகள். மூன்றாவது, அவர் முழங்காலைப் பற்றியது.

ஜே-இன் மேலே போனாள்.

கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. அதன் விளிம்பில் ரப்பர் வைத்தது அவள்தான். தரையில் தக்கை. சுவரில் கம்பளி. கூரையில் துளையிட்ட பலகை. ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. காற்றோட்ட இயந்திரம் மிகக் குறைந்த வேகத்தில் ஓடியது. அதன் குழாயில் சத்தத்தை விழுங்கும் பெட்டி ஒன்றும் இருந்தது. மணிக்கட்டு வலிக்காமலிருக்க மேசை விளிம்புகளை உருட்டியிருந்தாள். குட்டையானவர்களுக்கும் நெட்டையானவர்களுக்கும் தனித்தனி உயரத்தில் நாற்காலிகள்.

கட்டடக்கலை உரிமத்துக்குப் பரீட்சை எழுதிய வருஷங்களை அவளும் பழைய கூடத்தில் இருந்தது போன்ற ஒரு தடுப்புப் பெட்டிக்குள்தான் கழித்தாள். பக்கத்துப் பெட்டியில் ஒருவன் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. இன்றும் அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. கல்லூரி நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் நேரம் வந்தால் விமானத்தைக்கூட இறங்க விடாமல் வானத்தில் சுற்ற விடுகிற நாடு அவளுடையது. அமைதி என்றால் அங்கே அதுதான். அவள் அதைக் கட்டியிருந்தாள்.

ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் புரட்டினாள். காகிதம் கிழிந்ததுபோல் கேட்டது. இரண்டாவது பக்கத்தை நுனிவிரலால் மெல்லத் தூக்கினாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. தன் வயிறு எப்போது உறுமுமோ என்று காத்துக்கொண்டிருந்தாள். உறுமியது. எதிரே இருந்தவர் பையிலிருந்து மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்தார்.

ஜே-இன் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

தரைத்தளத்தில், காப்பி இயந்திரத்துக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. அதில் ஹாம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஆறாவது பாகம். இயந்திரம் முனகியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை, தான் புலி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஐயா, மேல அவ்வளவு நல்ல நாற்காலி இருக்கு. இந்தப் பலகையில வந்து உக்காந்திருக்கீங்களே.”

ஹாம் நிமிர்ந்தார். “நீதானேம்மா அதைக் கட்டினது?”

“ஆமா.”

“நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா முப்பது வருஷம் பஸ் இன்ஜின் மேல உக்காந்தவன் நான். அங்க போனா என் முழங்கால் ஊருக்கே கேக்குது. கதையில ராஜா சாகக் கிடக்கிறான், எனக்கு அழுகை வருது. மூக்கை உறிஞ்ச முடியுமா? முடியாது. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?”

“இங்க தொந்தரவா இல்லையா?”

“எது?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று உண்மையாகவே தெரியாமல் அவர் பார்த்தார். பிறகு குனிந்து படிக்கத் தொடங்கிவிட்டார்.

ஜே-இன் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கையில் அதே புத்தகம் இருந்தது. சும்மா திறந்தாள். மறுபடி நிமிர்ந்தபோது காப்பி ஆறி ஏடு கட்டியிருந்தது. ஹாம் போயிருந்தார். புலியும் போயிருந்தது. அவள் புத்தகத்தின் பாதியில் இருந்தாள்.

எதிரே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் அட்டை, அதில் செருகிய தாள், நூலில் கட்டிய பேனா.

“கையெழுத்துப் போடுறீங்களா மேடம்? பழைய கூடத்தைத் திரும்பக் கேக்குறோம்.”

“நான் போட முடியாது. அதை இடிச்சதே நான்தான்.”

அவன் முகம் மலர்ந்தது. “அட, நீங்கதானா அது! ரொம்ப நாளாப் பாக்கணும்னு இருந்தேன். நான் தோங்-கி. அந்தக் கூடத்துல ஜன்னலோரம் ஏழு வருஷம் குடியிருந்தவன். சொல்லுங்க, நீங்க கட்டினது வாசிப்பறையா, ஆபரேஷன் தியேட்டரா?”

“ஏழு வருஷமா? எந்தப் பரீட்சை?”

“பேச்சை மாத்தாதீங்க. போலீஸ் பரீட்சை.”

“இப்ப எங்க படிக்கிறீங்க?”

“பஸ் ஸ்டாண்டு பக்கத்துல படிப்புக் கடை ஒண்ணு இருக்கு. மணிக்கணக்குல வாடகை. உள்ள போனா நாள் பூரா மழை பெய்யுது.”

“மழையா?”

“ஸ்பீக்கர்ல. மழைச் சத்தத்துக்குன்னே ஒரு மெஷின் வச்சிருக்கான். ஒருத்தன் சத்தம் இன்னொருத்தனுக்குக் கேக்கக் கூடாதாம். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு ஒண்ணுக்குத்தான் வருது. நம்ம கூடத்துல இருந்த பழைய ஹீட்டர் எவ்வளவோ தேவல. லாரி மாதிரி உறுமும், ஆனா தூக்கம் வராது, பக்கத்துல எவன் என்ன பண்றான்னும் தெரியாது.”

ஜே-இன் அவனைப் பார்த்தபடி இருந்தாள். அந்த ஹீட்டரைக் கழற்றி, தூக்கிப்போடச் சொன்னதும் அவள்தான். அன்று மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

“கையெழுத்துதான் போடல, ஒரு கிழங்காவது குடுங்க மேடம். கையில வாசனை வருது.”

“மேசையில இருக்கு. நூலகர் அக்காகிட்ட கேளுங்க.”

“அவங்ககிட்டயா? என்னைப் பாத்தா புத்தகத்தோட வெளியே போன்னுவாங்க.”

ஓக்-ரான் தன் மேசையில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜே-இன் எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, சத்தம் போதல.”

“என்னது?”

“அறையில சத்தம் போதல. சுத்தமா ஒண்ணுமே இல்லாததால ஒவ்வொண்ணும் கேக்குது. ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அடியில லேசா ஏதாவது ஓடணும். அப்பதான் மத்ததெல்லாம் அதுக்குள்ள அமுங்கும்.”

ஓக்-ரான் சீட்டுகளைக் கீழே வைத்தார்.

“மேடம், இத்தனை வருஷமா உஸ்ஸு உஸ்ஸுன்னு சொல்லிச் சொல்லி என் உதடே இப்படிக் குவிஞ்சு போச்சு. அமைதியா ஒரு அறை வேணும்னு கெஞ்சி வாங்கினேன். நீங்க வந்து சத்தம் போதலங்கறீங்க.”

“என் தப்புதான். பரீட்சை மண்டபம் கட்டிட்டேன். பலகையை மட்டும் எடுத்துட்டேன்.”

“பிரிவுத் தலைவர் வர்றப்ப மேல கர்ர்னு ஏதாவது கேட்டா என்ன எழுதுவார் தெரியுமா? திறந்து ரெண்டு மாசத்துல மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதுவார்.”

“காலியா இருந்தா என்ன எழுதுவார்?”

ஓக்-ரான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு ஆறிப்போன கிழங்கு ஒன்றை எடுத்துத் தோலை உரிக்கத் தொடங்கினார்.

“திங்கக்கிழமை விடுமுறை. அன்னைக்கு வந்து பண்ணு. ஆனா ஒண்ணு, சரியா வரலேன்னா பலகையைத் தூக்கி மாட்ட நீயும் வரணும்.”

“வர்றேன்க்கா.”

திங்கட்கிழமை ஜே-இன் ஒரு தச்சரோடு வந்தாள். காற்றுக்குழாயிலிருந்த பெட்டியைக் கழற்றினார்கள். இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினாள். ஒரு படி ஏற்றினாள், இன்னொரு படி ஏற்றினாள், மூன்றாவதும் ஏற்றி, அது அதிகம் என்று ஒரு படி குறைத்தாள். நடைவழிப் பக்கச் சுவரின் கம்பளியை உரித்து எடுத்தார்கள். அடியில் வெறும் மரப்பலகை. கதவு விளிம்பின் ரப்பரையும் பிடுங்கினார்கள். சந்தைப் பக்க ஜன்னலில் மூன்று கண்ணாடிகளையும் ஒரு சாண் திறந்து வைத்தாள்.

ஓக்-ரான் அறை நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“எங்கேயோ சோறு வேகுற மாதிரி இருக்கு.”

“தொந்தரவா இருக்கா?”

“பழகிடும் போல.” ஒரு நாற்காலியை இழுத்தார். தும்மிப் பார்த்தார். “தும்மல் தும்மலாத்தான் கேக்குது. வெடிகுண்டு மாதிரி இல்ல.”

கதவிலும் சுவரிலும் பிறகு ஒட்டியிருந்த அறிவிப்புகளை அவரே கழற்றினார். உஸ், மெதுவாக, தயவுசெய்து, எல்லாம் போயின. வெளிப் புத்தகம் பற்றிய விதி மட்டும் கதவில் இருந்தது.

மறுநாள் அவர் பெஞ்சுக்குப் போய் ஹாமைக் கையோடு மேலே கூட்டிவந்தார்.

“ஒரே ஒரு நாள் ஐயா. பிடிக்கலேன்னா அந்தப் பெஞ்சுக்கு நானே மெத்தை தைச்சுப் போடுறேன்.”

ஹாம் உட்கார்ந்தார். முழங்காலை மடக்கினார், நீட்டினார். சுற்றிப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை. ஏழாவது பாகத்தைத் திறந்தார். சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்.

அந்த வாரம் ஒரே ஒரு சீட்டு வந்தது. ஜன்னல் வழியாக மீன் வாசனை வருவதாக எழுதியிருந்தது. ஓக்-ரான் அந்த ஜன்னலை மூடி அடுத்த ஜன்னலைத் திறந்தார். அங்கே எள்ளெண்ணெய்க் கடை. புகார் வரவில்லை.

ஆட்கள் மெல்ல வந்தார்கள். வந்தவர்கள் மறுநாளும் வந்தார்கள். மருத்துவமனை வேலை முடிந்து சீருடையோடு ஒரு பெண் வந்து சமையல் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு கிழவரும் கிழவியும் அருகருகே உட்கார்ந்து வேறு வேறு புத்தகம் படித்தார்கள். ஓக்-ரான் தினமும் கதவுக் கண்ணாடி வழியாக எண்ணினார். ஜே-இன்னுக்குப் போன் வரும். மேடம் என்ற சொல் காணாமல் போயிருந்தது. ஆனால் பாதி நாற்காலிகள் என்ற இடத்தை எண்ணிக்கை தொடவில்லை. கிட்டே வந்து நின்றது.

பிரிவுத் தலைவர் வரும் நாளன்று காலையிலேயே உறைபனி. ஜே-இன் வந்தபோது ஓக்-ரான் வாசிப்பறை வாசலில் நின்றிருந்தார். நெற்றிக்கு மேல் புதிதாகச் சுருட்டிய முடி.

“எத்தனைக்கா?”

“பதினாறு. குளிர்ல சில பேர் வரல. ஹாம் ஐயா மூட்டு வலியோட வந்திருக்கார்.”

“நான் உள்ள போய் உக்காரட்டுமா?”

“உன்னை அவருக்குத் தெரியும். அது ஏமாத்து.”

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வரவேற்பு மேசையில் யாரோ வணக்கம் சொன்னார்கள். நடைவழியின் மறுகோடியில், பின்பக்கப் படிக்கட்டு வழியாக, தோங்-கி வந்தான். பின்னால் இன்னும் ஐந்து பேர். எல்லோர் முதுகிலும் கனத்த பை. எல்லோர் காலிலும் செருப்பு.

ஓக்-ரான் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். “கையெழுத்துத் தாளைக் குடுக்க வந்தியா? கீழே இருக்கார், போய்க் குடு.”

“பையில இருக்கு. குடுக்கலாம், குடுக்காமலும் இருக்கலாம்.” தோங்-கி குரலைத் தாழ்த்தினான். “நேத்து சாயங்காலம் உள்ள வந்து சும்மா நின்னு பாத்தேன் அக்கா. நல்லா உறுமுது. ஹீட்டர் அளவுக்கு இல்ல, ஆனா நல்லா இருக்கு. பலகையைத் திரும்ப மாட்டணும்னா குளிர்காலம் பூரா இந்த மாடியைப் பூட்டிடுவாங்க. எங்களுக்குப் பரீட்சை வசந்தத்துல. அதுவரைக்கும் அந்த மழையில நனைய முடியாது.”

“அதனால?”

“நாங்க ஆறு பேர் எங்க புத்தகத்தோட உள்ள போய் உக்காந்துக்கறோம். உங்களுக்குப் பாதிக்கு மேலயே ஆகும். பெட்டி வேணாம், தடுப்பு வேணாம், ஒண்ணும் கேக்கல.”

“உள்ள இருக்கிற புத்தகத்தை எடுத்துப் படிப்பீங்களா?”

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தோங்-கி சிரிக்கவில்லை.

“எனக்கு முப்பத்தஞ்சு வயசு அக்கா. இதுதான் கடைசித் தடவைன்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். கதை படிக்க இப்ப எனக்கு நேரம் இல்ல.”

“இன்னைக்கு ஆறு பேர். நாளைக்கு வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்கும்.”

“நிக்கலாம்.”

ஓக்-ரான் ஜே-இன்னைத் திரும்பிப் பார்த்தார். ஜே-இன் கதவில் மாட்டியிருந்த வெளிப் புத்தக விதியைப் பார்த்தாள், ஓக்-ரான் தன் கையால் எழுதியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாம் பக்கத்தைப் புரட்டினார். மருத்துவமனைப் பெண் தூங்கி விழுந்து, எழுந்து, விட்ட இடத்தை விரலால் தேடினாள். முன்பக்கப் படிக்கட்டில் காலடிகள் ஏறி வந்தன. அவசரமில்லாத, கனமான காலடிகள். முதல் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறின.

தோங்-கி பையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு பிடித்துக்கொண்டான்.

“சீக்கிரம் சொல்லுங்கக்கா, உள்ள போகட்டுமா, இல்ல தாளோட அவர்கிட்ட போகட்டுமா?”